குளிருக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

அடை ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும் ஐயா, சூட்டோடு சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, நடுவில் பன்றிக் கொழுப்பு வறுவல் வைத்துச் சுட்டது. தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறு காலையில் இந்த அடை சுடாத வீடு ஏரிக்கரையில் இருக்காது. உங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கும் தனியாக மூடி வைத்திருக்கிறேன். விறகை எடுத்து முடித்துவிட்டு வரட்டும். பச்சை விறகு, கனம் அதிகம். அவசரப்பட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் உலிசெஸைத் தேடி வந்தீர்கள். மூன்றாவது வீட்டுக்காரர், படகு கட்டும் தச்சர். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்குப் போனவர் மதியம் மீன் குழம்புக்கு வீடு திரும்பவில்லை என்று அவர் மனைவி ஒதிலியா புகார் கொடுத்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் வாசலில் நின்றே இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனீர்களாம். என் வீட்டில் மட்டும் பின்பக்கம் வந்தீர்கள். விறகுக் கொட்டகையைப் பார்த்தீர்கள். மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"நிலவறை மூடி மேல யாரும்மா விறகு அடுக்குனது?"

கிராமத்தில் பிறந்தவர் என்று அப்போதே புரிந்துவிட்டது. ஒசோர்னோ நகரத்து போலீஸாக இருந்தால் அழகாக அடுக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். குளிர்காலம் முழுக்க இரண்டு நாளுக்கு ஒரு தரம் கிழங்குக்காகத் திறக்க வேண்டிய மூடி அது. குடிகாரன்கூட அதன்மேல் விறகு அடுக்க மாட்டான். என் தவறுதான். அந்த நேரத்துக்குக் கனமாக வேறெதுவும் கையில் கிடைக்கவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் செய்துதான் பழக்கம்.

ஏப்ரல் பிறந்து இலையுதிர்காலம் வந்துவிட்டால் இங்கே வெயிலை நம்ப முடியாது. மேப்பிள் மரம் ஒரே வாரத்தில் மொட்டையாகிவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வேலைகளை எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவைப்பேன். அதோ இருக்கிறது பாருங்கள். கூரை ஓரத் தகர வாய்க்காலில் இலை அள்ளுவது. அடுப்புக் குழாயில் கரி சுரண்டுவது. பூண்டு நடுவது, மெம்ப்ரியோ பழம் கிண்டுவது, டூலிப் கிழங்கு புதைப்பது, ஜன்னல் இடுக்கில் கம்பளி திணிப்பது. கடைசியாக நிலவறையின் காற்றுத்துளையை அடைப்பது. உறைபனி விழும் முன் அதை அடைக்காவிட்டால் உள்ளே வைத்த கிழங்கெல்லாம் உறைந்து கறுத்துவிடும். அப்பா இருந்த காலத்திலிருந்து அதுதான் கடைசி வேலை.

இந்த வீட்டை அப்பா கட்டினார். சுவரில் பதித்த மரச்செதில் ஒவ்வொன்றும் அவர் கையால் இழைத்தது. அவருக்குப் பின் முப்பத்தொரு இலையுதிர்காலம் நான் ஒருத்தி பார்த்துக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ள நேரம் வரவில்லை. என் தங்கை நோல்ஃபா சாண்டியாகோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தரம், புனித வாரத்துக்கு வருவாள். பாதி வீடு அவள் பெயரில் இருக்கிறது. மார்ச் முதல் வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு ஆள் கெடச்சிருக்கான். ஏரியைப் பாத்த மாதிரி டூரிஸ்ட் குடில் கட்டப்போறானாம். வீடு வேணாம், இடம் போதும்னான். புனித வாரத்துக்கு வர்றப்போ பேப்பரோட வர்றேன்."

"வீட்டை என்ன பண்ணுவான்?"

"இடிப்பான். வேறென்ன, தலைல தூக்கி வெச்சுக்கவா போறான்? நீ எங்கூட வந்து இரு. எட்டாவது மாடி, பால்கனி இருக்கு. ரெண்டு தொட்டியில ரோஜா வெச்சுக்கோ."

எட்டாவது மாடியில் இலை விழாது ஐயா. அது எனக்கு வீடாகப் படவில்லை.

நோல்ஃபா கெட்டவள் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். வரும்போது எனக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வந்தாள். புதன்கிழமை காலை நான் ஏணியில் நின்று தகர வாய்க்காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடக் கூடாது என்று.

"திங்கக்கிழமை ஆள் வர்றான். இடிக்கப்போற வீட்டுக்குத் தகரம் துடைக்கிற ஒரே பொம்பள நீதான் அக்கா. பொணத்துக்குச் சவரம் பண்ற மாதிரி இருக்கு."

"நான் கையெழுத்துப் போடலேன்னா?"

"கோர்ட்ல போட வைப்பாங்க. வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். எதுக்கு அந்த அசிங்கம், நமக்குள்ள?"

நான் இறங்கி வந்து ஏணியை ஓரமாகச் சாய்த்தேன். கை கழுவினேன். மதியம் அடை சுடலாம், நிலவறையிலிருந்து நாலு கிழங்கு எடுத்து வா என்றேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அடை என்றால் உயிர். கூடையோடு போனாள்.

அந்த நிலவறை உங்கள் வீட்டில் இருப்பதுபோலத்தான் இருக்கும். கொட்டகைத் தரையில் ஒரு மூடி, ஏழு படி ஏணி, சுற்றிலும் களிமண் சுவர். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். அவள் இறங்கினாள். கீழேயிருந்து ஏதோ சொன்னாள். நான் மூடியைச் சாத்தினேன்.

நோல்ஃபா வேகமானவள். மூடி உட்காரும் முன்பே ஒரு கை வெளியே வந்துவிட்டது. நான் மூடியின்மேல் ஏறி நின்றேன். பச்சைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் கத்தினாள். மூடி சரியாக உட்கார வேண்டுமே, அதனால் குதிகாலால் மிதித்தேன். மூன்று தரம் மிதிக்க வேண்டியிருந்தது. கை உள்ளே போய்விட்டது. இரண்டு விரல் வெளியே நின்றுவிட்டன. அவற்றை இலைக்குப்பையில் போட்டேன். எலும்பு மண்ணுக்கு நல்லது. ஒரு விரலில் இருந்த மோதிரத்தைக் கழுவி சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், உங்களிடம் ஒப்படைக்க.

போன வாரம் வாங்கிய ஒரு வண்டி விறகு வாசலில் குவிந்து கிடந்தது. அதை இருட்டும்வரை மூடியின்மேல் அடுக்கினேன். பட்டை மேலே பார்க்க, வரிசை பிசகாமல்.

போங்கள் ஐயா, போய் ஆட்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா. கொட்டகை குறுகல், மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்காது என்று எனக்குத் தெரியும். காற்றுத்துளை எங்கே என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். நடுவில் விட்டுவிட்டுச் சொன்னால் எனக்கு ஞாபகம் குழம்பிப்போகும்.

வியாழக்கிழமை பூண்டு. பூண்டுப் பாத்தி கொட்டகைச் சுவரோரம்தான், காற்றுத்துளைக்கு நேர் எதிரே. ஒரு ரொட்டி நுழையும் அளவுத் துளை. அதன் வழியாக ரொட்டி கொடுத்தேன். குழாயை விட்டுத் தண்ணீரும் கொடுத்தேன். அவளைப் பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"வெளையாட்டு போதும் அக்கா. கை ஊதி பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு. தெறந்து விடு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில கார் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

"அப்புறம் திங்கக்கிழமை?"

"அவனை வர வேணாம்னு சொல்லிடறேன். பேப்பர் என் பையில இருக்கு. கிழிச்சுப் போட்டுடு."

பேப்பரை நான் அன்று காலையே அடுப்பில் போட்டிருந்தேன். ஆனால் வக்கீலிடம் நகல் இருக்குமே. நட்டுக்கொண்டே இருந்தேன். அவளே கேட்டாள்.

"என்ன நடறே?"

"பூண்டு."

"ஆழமா நடு. நீ எப்பவும் மேலாப்புல நட்டுக் குருவிக்குத் தானம் குடுப்பே. அம்மா ரெண்டு விரல் ஆழம் நடுவா." அப்புறம் சிரித்தாள். "எங்கிட்ட இப்ப அளக்க விரல் இல்ல. நீயே அளந்துக்கோ."

இரண்டு விரல் ஆழமே நட்டேன். நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சண்டையில்லாமல் பேசியது அப்பா செத்த வருடத்துக்குப் பிறகு அன்றுதான். வீட்டில் ஆள் இருப்பது நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் குளிர்காலம் முழுக்க அப்படியே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பெரிய வெள்ளியன்று இங்கே என்னென்ன செய்யக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்லித் தந்திருப்பார்கள். ஆணி அடிக்கக் கூடாது. கோடரி தூக்கக் கூடாது. மண்ணைத் தோண்டக் கூடாது, தோண்டினால் ரத்தம் வரும். அன்று ஊரே அடங்கிக் கிடக்கும். அடுப்பில் கிண்டலாம், அதில் பாவமில்லை. அதனால் மெம்ப்ரியோவை அன்றைக்கென்று வைத்திருந்தேன். பார்க்க ஆப்பிளின் முரட்டு அண்ணன் மாதிரி இருக்கும், பச்சையாகக் கடித்தால் பல் கூசும். நாலு மணி நேரம் சர்க்கரையோடு கிண்டினால் கத்தியால் அறுக்கிற பதத்துக்குச் செங்கல்போல வரும். கையை எடுக்கக் கூடாது, அடிப்பிடித்துவிடும்.

நோல்ஃபாவுக்கும் அது என்ன நாள் என்று தெரியும். அவளும் இந்த ஊர்க்காரிதானே. ஏணிப்படி ஒன்றைப் பெயர்த்தெடுத்து மூடியைக் கீழேயிருந்து அடிக்க ஆரம்பித்தாள். டொக், டொக். மற்ற நாளாக இருந்தால் யாரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் எல்லா வீட்டிலும் விறகு பிளக்கிற சத்தம்தான். அன்று ஒரு வீட்டில் மட்டும் சத்தம் கேட்டது.

உலிசெஸ் சிலுவைப் பாதை முடிந்து வந்துகொண்டிருந்தார். கறுப்பு கோட்டு, கையில் தொப்பி. நேரே பின்பக்கம் வந்துவிட்டார்.

"என்னம்மா எடெல்மிரா, அந்த மனுஷனை ஒரு தரம் சிலுவையில அடிச்சது பத்தலையா? இன்னிக்குப் போயி ஆணி அடிக்கிறியே."

"நான் எங்கே அடிச்சேன்? கையைப் பாருங்க, பழக்கூழு."

"அப்ப கொட்டகையில யாரு? எலியா? உன் வீட்டு எலிக்கு சுத்தியல் வாங்கிக் குடுத்திருக்கியா?"

சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் போனார். நான் கரண்டியோடு பின்னால் போனேன். இந்த ஊர் ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, விறகைப் பார்த்தால் இரண்டு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். காய்ந்திருந்தால் கணீரென்று கேட்கும். அவரும் எடுத்துத் தட்டினார்.

"பச்சை. எந்தப் பய உன் தலையில கட்டினான்?"

கீழேயிருந்து டொக், டொக் என்று பதில் வந்தது.

மறுபடி தட்டினார். மறுபடி பதில் வந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மண்டி போட்டு விறகை இழுக்க ஆரம்பித்தார். "யாரு உள்ள?" என்றார்.

"நான் நோல்ஃபா, மாமா. சீக்கிரம் தெறங்க."

உலிசெஸ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பொல்லாத வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "எடெல்மிரா, வந்து ஒரு கை புடிம்மா," என்றார். நான் தெரியாமல் செய்துவிட்டதாகவே நினைத்தார் போல.

கோடரி கைக்கெட்டும் தூரத்தில், கட்டையில் குத்தி நின்றது. நான் அதைத் தொடவில்லை ஐயா. பெரிய வெள்ளியன்று கோடரியைத் தொடுகிறவள் நான் இல்லை. சுவரோரம் தோட்டத்து மண்வாரி இருந்தது. முதல் அடி தட்டையாக விழுந்தது, காதுக்கு மேலே. அவர் விழவில்லை. ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். அப்புறம் ஓரத்தால் வெட்ட வேண்டியதாயிற்று, கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில். வேர் அறுப்பது மாதிரிதான், ஒரே இடத்தில் விழ வேண்டும். ஐந்து தரம். கட்டையை அவர் விடவே இல்லை. கீழே நோல்ஃபா அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள். ஆறாவது தேவைப்படவில்லை.

அதற்குள் மெம்ப்ரியோ லேசாக அடிப்பிடித்துவிட்டது. ஓடிப்போய் இறக்கினேன். தட்டில் ஊற்றிச் சமன் செய்துவிட்டு வந்து கொட்டகையைத் துடைத்தேன், அவர் இழுத்துப் போட்ட கட்டைகளையும் துடைத்துத் திரும்ப அடுக்கினேன். பட்டையில் ஊறினால் போகாது. தோண்டக் கூடாத நாள் என்பதால் அவரை இலைக்குவியலுக்குள் வைத்து மூடினேன். ஒருநாள் காத்திருப்பதில் என்ன இருக்கிறது.

சாயங்காலம் காற்றுத்துளைக்குப் போனேன். நோல்ஃபா தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"மாமா எங்க அக்கா?"

"வீட்டுக்குப் போயிட்டார்."

"பொய் சொல்லாத. எனக்குக் கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு." துளைக்குக் கிட்டே வந்தாள். "நீ கையில என்ன வெச்சிருக்கே?"

"வைக்கோலு."

"அக்கா, அதை மட்டும் அடைக்காத. நான் சத்தம் போடல. இனிமே தட்ட மாட்டேன். அதை மட்டும் வேணாம்."

"ராத்திரி உறைபனி விழும்போல இருக்கு நோல்ஃபா. அடைக்கலேன்னா கிழங்கு பூரா வீணாப்போயிடும்."

அதைக் கேட்டதும் அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பாகச் சிரித்தாள். வலியில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வைக்கோலை முறுக்கித் திணித்தேன். அதன்மேல் சாக்கு, சாக்குமேல் ஈரக் களிமண். விரலால் ஓரமெல்லாம் பூசினேன். மற்ற வருடம் பலகை வைத்து ஆணி அடிப்பேன். அன்று அடிக்கக் கூடாதே, கல்லைச் சாய்த்துவைத்து இலையை அள்ளிப் போட்டேன். பூண்டுப் பாத்தியின் கிழக்கு மூலை. துளையைச் சொல்லிவிட்டேன் ஐயா, இப்போது போகலாம். பூண்டை மிதிக்காமல் போங்கள்.

கை கழுவிக்கொள்ளுங்கள். நகத்தில் களிமண் ஏறியிருக்கிறது. அந்தத் துவாலை சுத்தமானதுதான்.

துளையில் வாயை வைத்துக் கூப்பிட்டீர்கள், எனக்கு இங்கே கேட்டது. உங்கள் ஆள் ஒருவர் மூடியை இரண்டு தரம் தட்டினார், அதுவும் கேட்டது. அவ்வளவுதான் கேட்டது.

சனிக்கிழமை மட்டும் பாக்கி. காலையில் தோண்டினேன். இரவெல்லாம் பெய்த மழையில் மண் வெண்ணெய் மாதிரி இளகியிருந்தது. தகர வாய்க்காலிலும் ஒரு சொட்டுத் தேங்கவில்லை, புதன்கிழமை துடைத்தது வீண்போகவில்லை. உலிசெஸை வேலியோரம் ஆழமாகவே வைத்தேன், மேலே நாற்பது டூலிப். சிவப்பு. அக்டோபரில் வசந்தம் வந்ததும் பாருங்கள். மத்தியானம் ஒரு துண்டு மெம்ப்ரியோ அறுத்துக்கொண்டு ஒதிலியாவைப் பார்க்கப் போனேன். அழுதுகொண்டிருந்தாள். வந்துவிடுவார் என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடிப்பிடித்த பகுதியை அவளுக்குக் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன்.

உங்கள் ஆள் கூப்பிடுகிறார். போய் வாருங்கள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். முகம் துளைப் பக்கம். ஆமாம், அவள் தூங்கும்போதும் ஜன்னல் பக்கம்தான் திரும்பிக்கொள்வாள். நல்ல கையில் களிமண்ணா? சுரண்டியிருப்பாள். எட்டியிருக்காது. நான் அழுத்தித்தான் பூசியிருந்தேன்.

நான் கொடுமைக்காரி இல்லை ஐயா. வீட்டைப் பார்த்துக்கொண்டேன். குளிருக்கு முன் முடிக்க வேண்டியதை முடித்தேன். கிழங்கைக் காப்பாற்ற ஒவ்வொரு வருடமும் அடைக்கிற துளையை இந்த வருடமும் அடைத்தேன். அவள் உள்ளே இருந்தது அவள் துரதிர்ஷ்டம்.

அடையை ஏன் வைத்துவிட்டீர்கள்? பாதிகூடச் சாப்பிடவில்லையே.

மெதுவாகக் கேளுங்கள், காது நன்றாகத்தான் இருக்கிறது. நிலவறையில் ஒரு கிழங்குகூட இல்லை, மூடி நாலு நாளாக விறகுக்கு அடியில் கிடந்தது, அப்படியானால் இந்த அடைக்குக் கிழங்கு எங்கிருந்து வந்தது. அதுதானே கேள்வி?

மச்சிலிருந்து. ஒன்பது சாக்கு, மேலே அடுக்கியிருக்கிறேன். மார்ச்சில் நானே ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றினேன், நோல்ஃபா தொலைபேசியில் பேசிய மறுநாள். புதன்கிழமை இறங்கியதும் அவள் கீழேயிருந்து சொன்னதுகூட அதுதான். "அக்கா, இங்க ஒரு கிழங்குகூட இல்லையே." அதை உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்பது சாக்கும் உள்ளே இருந்தால், ஒரு ஆள் உட்கார இடம் ஏது ஐயா?